மறு: மறு: குப்புறவா, கவிழ்கிடையா? (சிறுநீரகக் கல் ஒப்புதல் படிவம்)

அன்பு நண்பர்களே,

சிறுநீரகக் கல் அறுவைக்கு வருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயாளியைப் படுக்க வைக்கும் நிலைகளில் மல்லாந்து, குப்புற என்ற இரண்டுக்கும் இன்னும் பெயர் முடிவாகவில்லை.

> கவிழ்கிடை, நிமிர்கிடை. இரண்டும் வினைத்தொகை. கோயிலில் கிடந்த கோலம் என்கிறோமே, அதே கிடைதான்.

ஐயா, கவிழ்கிடை அழகான சொல். நிமிர் என்றால் எழுந்து நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட, எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் கிடையில் விழுந்தார் என்றால் இனி எழமாட்டார் என்று பொருள். கல் எடுக்க வந்தவர் கையெழுத்துப் போடும் தாளில் அந்தச் சொல் வேண்டாமே.

> மல் + ஆர்ந்து = மல்லாந்து என்பது என் ஊகம். மற்போரில் வீழ்ந்தவன் கிடக்கும் நிலை.

இருக்கலாம். ஆனால் மூன்று நாளாக இதிலேயே நிற்கிறோம், அண்ணா.

> குப்புறவுக்கு ப்ரோன், மல்லாந்ததற்கு சுபைன் என்று ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம்.

அறுவை அரங்கில் சரி. நேற்று ஒரு நோயாளியின் தாயாருக்கு வரைவை வாசித்துக் காட்டினேன். கவிழ்கிடை என்றதும், "கவுந்து படுக்கணுமா தம்பி? மூச்சு முட்டாதா?" என்றார். கவிழ் புரிந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டதற்குப் படிவத்தில் பதில் இல்லை. மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் திண்டு வைத்து, வயிறு அழுந்தாமல் விடுவார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும். 1976இல் ஸ்வீடனில் முதுகுவழித் துளையிட்டுக் கல்லை எடுத்ததிலிருந்து குப்புறப் படுக்க வைப்பதே வழக்கம். 1980களில் ஸ்பெயினில் மருத்துவர் வால்டிவியா, விலாவுக்கு அடியில் பை வைத்து, மல்லாந்தபடியே செய்து காட்டினார். மயக்க மருத்துவருக்கு மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொள்ள அதுவே எளிது.

லித்தாட்டமி நிலையைப் பற்றி அக்கா கேட்டிருந்தார். கல்லை வெட்டி எடுத்த காலத்துப் பெயர் அது. இன்று பிரசவத்துக்கும் அதையே சொல்கிறார்கள். நேராகப் பெயர்த்தால் கல்வெட்டு நிலை என்றாகி, தொல்லியல் துறைக்குப் போய்விடும். 'கால் தூக்கி மடித்த நிலை' என்று எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்குப் படிவத்தில் "மயக்கம் கொடுத்த பின் உங்களைக் குப்புறப் படுக்க வைப்போம்". சொற்பட்டியலில் கவிழ்கிடை இருக்கட்டும். ஐந்து பேர் சரி என்றுவிட்டார்கள். ஐயா ஒப்பவில்லை, அவர் மறுப்பையும் பட்டியலில் குறித்திருக்கிறேன்.

வால்டிவியா முறையைச் சற்று மாற்றிய கால்டகாவோ முறைக்குத்தான் இன்னும் சொல் இல்லை. மல்லாந்து சற்றே சாய்ந்து, கல் உள்ள பக்கத்துக் கால் நீட்டியும் மற்றது மடங்கியும் இருக்கும். வியாழன் இரவுக்குள் யாராவது அனுப்புங்கள்.