மக்காச்சோளம், எத்தனால் ஏற்றுமதி புரமோஷன் வேலை, போலாமா?

கோத்தகிரி பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி அக்ரி முடிச்சுட்டு இங்க ஒரு டீ ஃபேக்டரில நாலு வருஷமா இருக்கேன். இப்ப அமெரிக்க மக்காச்சோளம், எத்தனால், டிடிஜிஎஸ் இதையெல்லாம் ஆசிய நாடுகள்ல புரமோட் பண்ற வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு, ஆனா சரக்கை நாம விக்கப்போறதில்லையாம், அப்ப என்னதான் வேலைன்னு அப்பா கேக்குறாரு, எனக்கு சொல்லத் தெரியல. டீயை விட்டா வேற தெரியாது, எனக்கு செட் ஆகுமா?

நாமக்கல் தீவனம்:
தம்பி, நான் தீவன மில்லுல பர்ச்சேஸ் பாக்குறேன். டிடிஜிஎஸ்னா சோளத்துல எத்தனால் எடுத்தப்புறம் நிக்கிற சக்கைங்க. ஸ்டார்ச் போயிடும், புரதம் தங்கிடும், எடையில சுமார் மூணுல ஒரு பங்கு மிஞ்சும். அதனாலயே சோளத்துல பூஞ்சை விஷம் இருந்தா சக்கையில மூணு மடங்கா ஏறிடும், எங்க பயமே அதுதான். சாம்பிள் வந்ததும் ஒரு கை அள்ளி வெளிச்சத்துல பாப்பேன், பொன் மஞ்சளா இருந்தா நிம்மதி, கருத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா டிரையர் சூடு ஓவர், லைசின்ங்கிற புரதச்சத்து கெட்டிருக்கும், கோழி எடை கூடாது. இதெல்லாம் எங்கள மாதிரி ஆளுகளோட உக்காந்து பேசி, ஆய்வு ரிப்போர்ட்டோட நம்ப வைக்கிறதுதான் உங்க வேலை. தீஞ்ச டீத்தூளை மோந்தே கண்டுபிடிக்கிறவருக்கு இது பெரிய விசயமில்லைங்க.

குன்னூர் ஏலம்:
நான் தேயிலை ஏற்றுமதில ரொம்ப வருஷம் இருந்தவன். 2016 கடைசில வண்டு இருக்குன்னு வியட்நாம் அமெரிக்க டிடிஜிஎஸ்ஸை நிறுத்திடுச்சு, திரும்ப விட 2017 செப்டம்பர் ஆச்சு. அந்த மாதிரி நேரத்துல ரெண்டு பக்கமும் ஓடி, புகை போடுறதுக்கு என்ன வழிமுறை, யாரு சர்டிஃபிகேட் குடுக்கிறது எல்லாத்தையும் பேசி முடிக்க ஆள் வேணும்பா. எங்களுக்கு ஒருதடவ சாம்பிள் ஒண்ணு லாட் ஒண்ணுன்னு போயிருச்சு, வாங்குறவரு அதுக்கப்புறம் போனையே எடுக்கல, இன்னைக்கும் மனசு உறுத்துது. சோவியத்தை நம்பி இருந்த நம்ம நீலகிரி தேயிலை 1991க்கு அப்புறம் பட்ட பாட்டை உங்க அப்பாகிட்ட கேளு, பல நாட்டுல வாங்குற ஆளுங்களைப் பிடிச்சு வைக்கிறது எதுக்குன்னு அவரே சொல்வாரு. தைரியமா போ.

கோத்தகிரி பையன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், 91ன்னதும் பச்சை இலை விலை பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டாரு, கடைசில போயிட்டு வான்னுட்டாரு. நாமக்கல் அண்ணா, நல்லது ஒரு பிடி தீஞ்சது ஒரு பிடி கிடைக்குமாங்க, வெள்ளிக்கிழமை கீழ இறங்குறேன், இன்டர்வியூக்கு முன்னாடி ரெண்டையும் கையில வச்சுப் பாத்துடணும்.