என்ஜின் நின்ற ஜெட் கல்லு மாதிரி விழுமா? அப்புச்சி சொன்ன கதை

ஓமலூரான்:
என் அப்புச்சி விமானப்படையில் ஃபிட்டர், வாம்பயர் ஜெட்டில் வேலை பார்த்தவர். போன ஞாயிறு ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கதை சொன்னார். பயிற்சி வாம்பயர் ஒன்று நடுவானில் என்ஜின் அணைந்து, சக்கரத்தைக்கூட இறக்காமல் கம்பங்காட்டில் வயிற்றோடு சறுக்கி நின்றதாம், உள்ளே இருந்த வாத்தியாரும் பையனும் தாங்களாகவே இறங்கி நடந்து வந்தார்களாம். இவர் போனபோது இறக்கையடியில் இருக்கும் காற்று வாயில் முழுக்கச் செம்மண்ணும் கம்பந்தட்டையும், முழங்கை வரை விட்டு அள்ளினேன் என்கிறார். மச்சான் நம்பவில்லை. ஜெட் நின்னா கல்லு மாதிரி விழும், சக்கரம் இல்லாம இறங்கினா தீப்பிடிச்சிரும், தாத்தா ரீல் விடுறார் என்கிறான். யார் சொல்வது சரி?

பழைய இரும்பு:
பந்தயம் கட்டியிருந்தால் காசை வாங்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் மலையிறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவார்களே (செய்யாதீர்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்), அதே கதைதான். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிற வியாபாரம், இறக்கைக்கு வேகம் இருந்தால் போதும், என்ஜின் ஓடுகிறதா என்று அது கேட்காது. ஒரு பங்கு இறங்கினால் பத்து பங்கு முன்னே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,200 மீட்டர், அந்த உயரத்தில் நின்றுபோனாலும் 12 கிலோமீட்டர் கையில் இருக்கிறது.

அப்புறம் சக்கரம். உழுத நிலத்தில் சக்கரத்தை இறக்கினால் மூக்குச் சக்கரம் புதைந்து விமானமே குப்புறக் கவிழும், அதனால்தான் மடக்கியே இறங்கச் சொல்லித் தருவார்கள். ஹார்வர்டு மாதிரி பழைய பயிற்சி விமானமாக இருந்தால் காற்றாடி முதலில் தரையில் அடித்து வளையும். வாம்பயருக்கு அது கிடையாது, தரையை ஒட்டித் தாழ்வாகவே உட்கார்ந்திருக்கும், அதனால் சறுக்குவதற்குத் தோதான வயிறு. பைலட் உட்காரும் பகுதி பிளைவுட்டும் பால்சா மரமும் ஒட்டிச் செய்தது.

ஏரிக்கரை:
மரமா? ஜெட்டா?? எங்க வீட்டு பீரோவும் பிளைவுட்தான், பறக்கல.

பழைய இரும்பு:
ஆமாம், மரம்தான். 1943-இல் முதலில் பறந்தது, 1948-இல் நம் விமானப்படைக்கு வந்த முதல் ஜெட்டும் அதுதான்.

கொண்டை ஊசி 20:
இன்னொன்று விட்டுப்போச்சு. அந்தக்கால ஜெட் என்ஜின் ரொம்பச் சோம்பேறி. வேகத்தைக் கூட்டும் பிடியான திராட்டிலைத் தள்ளினால் சுற்று ஏறவே பல விநாடி ஆகும், பதறிப்போய் ஒரே தள்ளாகத் தள்ளினால் அணைந்தே போகலாம். காற்றாடி விமானத்தில் பழகிய கை அங்கேதான் ஏமாறும். குதிக்கலாமே என்றால் முதலில் வந்த இருவர் வாம்பயர்களில் ஆளை வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் சீட் இல்லை, குதித்தாலும் இறக்கையிலிருந்து பின்னால் நீளும் இரண்டு கம்பத்துக்கு நடுவே குறுக்கு வால் அடிக்கக் காத்திருக்கும். காட்டைப் பார்த்து இறக்கியதுதான் புத்திசாலித்தனம். 1964-இல் முதலில் பறந்த நம்ம நாட்டுப் பயிற்சி ஜெட் கிரணில் அந்த சீட் வந்துவிட்டது.

ஓமலூரான்:
எல்லாருக்கும் நன்றி. மரமா என்று இப்போதுதான் அப்புச்சியிடம் கேட்டேன். "ஆமாடா, மூக்கைத் தட்டினா கதவைத் தட்டுற சத்தம்தான் வரும்" என்றார். மச்சான் டீ வாங்கப் போயிருக்கிறான்.