ஹெரால்டை ஓட்டிக்கொண்டே சென்னைக்குப் போகலாமா?

குடமுருட்டி (வலங்கைமான்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1966-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு, சாம்பல் கலந்த நீலம். வலங்கைமானில் டாக்டராக இருந்த என் தாத்தா, 1969-இல் கும்பகோணத்து வக்கீல் ஒருவரிடமிருந்து வாங்கிய வண்டி. பிரசவம் பார்க்கவும் பாம்புக்கடிக்கு ஊசி போடவும் ஊர் ஊராக இதில்தான் போவாராம். வேறு எந்தக் காரையும் திருப்ப முடியாத ஆற்றங்கரை மேட்டில் இதை ஒரே வீச்சில் திருப்பிவிடுவார் என்று அப்பா சொல்வார். நான் நம்பியதில்லை. வண்டியை ஓட வைத்த பிறகு நெல் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து பார்த்தேன். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது.

தாத்தா காலமானது 1991-இல். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் பத்தாயத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. பின்சீட்டில் எலி மூன்று தலைமுறை குடித்தனம் நடத்தியிருந்தது. 2019-இல் இறங்கினேன்; கூட்டுறவு வங்கிச் சம்பளத்தில் முடிந்த அளவு, மூன்று வருடம் பிடித்தது. ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை வடிக்கத் திறக்கும் குழாய் எங்கேயும் கிடைக்கவில்லை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு கடையும் ஒருவரிடம் பழையதைக் கொடுத்தேன். அப்படியே பித்தளையில் கடைந்து கொடுத்தார். கைப்பிடியில் மட்டும் விளக்குத் தண்டின் சாயல் கொஞ்சம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது விஷயம். வருகிற தை மாதம் சென்னையில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. சுமார் 280 கிலோமீட்டர். இதுவரை தஞ்சாவூரைத் தாண்டி ஓட்டியதில்லை. லாரியில் ஏற்றிவிடுங்கள் என்கிறாள் மனைவி. எனக்கோ ஓட்டிக்கொண்டு போக ஆசை. மூன்று சந்தேகங்கள்: என்ஜின் கொதிக்குமா? இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா? நான்குவழிச் சாலையில் இந்த பிரேக்கை நம்பலாமா?

ஓடம்போக்கி (திருவாரூர்):

லாரிதான் சார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என்னுடையது ஆஸ்டின் ஏ40. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பாகங்களைப் பூட்டி முதலில் செய்த கார் இதுதான். அந்தக் கம்பெனியே சில வருடங்களில் காரை விட்டுவிட்டு லாரிக்கு மாறி, அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. பெற்றவர்களே லாரியை நம்பும்போது நான் நம்பக்கூடாதா? போன முறை இறங்கியபோது ஒரு கீறல் கிடையாது, டயரில் மண் கிடையாது. மார்க் போடுகிறவர்கள் சக்கர வளைவுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் பண்ருட்டிப் புழுதியோடு போய் நின்றால் என்ன சொல்வார்கள்?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

தம்பி, ஓடம்போக்கி சாரின் ஆஸ்டின் அருமையான கார். ஆனால் பல்லக்கில் ஏறிய மணப்பெண்ணைப் போல அது தரையில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார், பழக்கம்தான்.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் பட்டறைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் இரண்டு ஹெரால்டுகள் இருக்கின்றன. ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று உறுப்பு தானம் செய்வதற்கு.

மூன்று சந்தேகம் கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டிய நான்காவதைக் கேட்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90-ஆம் எண் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் கண்ணில் படுகிற ஓட்டையில் எல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் அடிவரை இறங்காமல் வழியிலேயே இறுகிவிடும். தண்ணீர் மட்டும் இறங்கும். தண்டு உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டே வந்து ஒரு நாள் முறியும்.

எனக்கு முறிந்தது 1987-இல், அம்மாப்பேட்டைக்கு அருகில். மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், பின்சீட்டில் சீர்வரிசைத் தட்டுகள். அறுப்பு முடிந்த வயலுக்கு மேய்ச்சலுக்காக ஓட்டிப்போகிற வாத்துக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. ஆயிரம் வாத்தாவது இருக்கும். சபித்துக்கொண்டே நின்று, பிறகு நடை வேகத்தில் நகர்ந்தபோது மடக்கென்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம், கால் உடைந்த எருமை உட்காருவது போல மடங்கி உட்கார்ந்துவிட்டது. வாத்துகளுக்காக நிற்கும் முன்னால் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாத்துகள் வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை. என் மனைவி இன்றுவரை வாத்து முட்டை சாப்பிடுவதில்லை, நன்றிக்கடனாம்.

ஆகவே முதல் வேலை, இரண்டு ட்ரனியனையும் கழற்றித் தண்டைப் பாருங்கள். மரையின் அடியில் குழி விழுந்திருந்தால் லாரியும் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். கழற்றுவது சுலபம். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கிக்கொள்ளும் காரில் இது ஒரு பெரிய சௌகரியம். முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இந்தக் காரின் பிறப்பே ஒரு நெருக்கடியில் நடந்தது. கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. அதனால் காலம் கடந்துபோன தனிச் சேஸிஸையே (பாடியைத் தாங்குகிற அடிச்சட்டம்) மறுபடி எடுத்து, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த அழகு அதற்கு மேல் போர்த்தியது. 1959-இல் அங்கே ட்ரையம்ப் ஹெரால்டு. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 948 சிசி, அவ்வளவுதான். அந்தப் போல்ட்டுகளால் கதவு கடகடக்கிறது என்று எல்லோரும் குறை சொன்னார்கள். அதே போல்ட்டுகளால்தான், ஐம்பது வருடம் கழித்து ஒரு ஸ்பானர் பெட்டியும் இரண்டு மாணவர்களும் இருந்தால் வண்டி முழுவதையும் கொல்லைப்புறத்தில் பிரித்துப் போட முடிகிறது. நான் போட்டிருக்கிறேன்.

இனி உங்கள் சந்தேகங்கள். கொதிப்பதற்கு ஒரே பரீட்சைதான்: ஒரு மதியம் நீடாமங்கலத்துக்கு ஓட்டி வந்து ரயில்வே கேட்டில் நில்லுங்கள், என்ஜினை அணைக்காமல். அந்தக் கேட்டில் கொதிக்காத கார் காசிக்கே போகும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பிசுபிசுத்துவிடும். அனைத்தையும் எத்தனால் தாங்குகிற குழாயாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. டேங்கைப் பாதியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பம்ப் என்ஜினின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால், சூட்டில் உள்ளே ஆவி கட்டி நின்றுபோகும். அப்போது நனைத்த துணியை அதன் மேல் சுற்றிவிட்டு ஒரு டீ சாப்பிடுங்கள். டீ முடிவதற்குள் சரியாகிவிடும்.

பிரேக் டிரம்தான். நன்றாக நிற்கும், ஆனால் யோசித்துவிட்டு நிற்கும். முன்னால் போகிற பஸ் அப்படியெல்லாம் யோசிக்காது. தூரம் விடுங்கள்.

விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பு என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். தை மாதம் அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் பனி மூட்டம் இறங்கினால் டைனமோ தருகிற மஞ்சள் வெளிச்சத்தில் உங்கள் காரின் மூக்கே உங்களுக்குத் தெரியாது. அறுவடை இயந்திரங்கள் வேறு விளக்கில்லாமல் ஊரும். ஏழு மணிக்குப் புறப்படுங்கள். மணிக்கு ஒரு முறை நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கை பொறுக்காத சூடாக இருந்தால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது.

மைனர் வீட்டுப் பெண் (மயிலாடுதுறை):

ஓட்டிக்கொண்டு போவது பற்றி ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. போய் நிற்பது பற்றிச் சொல்கிறேன்.

அப்பாவின் 1951 மோரிஸ் மைனரை இப்போது நான் வைத்திருக்கிறேன். ஊரில் அப்பாவை ‘மைனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரினால் வந்த பெயரா, நடத்தையினால் வந்த பெயரா என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மார்க்குக்காகப் போகாதீர்கள். முதல் முறை எனக்கு மார்க் குறைத்தது எதற்குத் தெரியுமா? உள்ளே ஒரு தகட்டில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் நேர்க்கோட்டுத் தலைதானாம். முழங்காலிட்டு டார்ச் அடித்துக் கண்டுபிடித்தார்கள். அன்று அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து மாற்றவும் செய்தேன், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அன்று முழுவதும் என் காரைச் சுற்றித்தான் கூட்டம். இண்டிகேட்டருக்குப் பதிலாகக் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் கை நீண்டு விளக்கெரியுமே, அதைப் போடச் சொல்லிக் குழந்தைகள் விடவில்லை. சாவி போட்டதும் எஸ்.யு. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொள்வதை ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இஸ்ஸிகோனிஸ் இந்தக் காரை வரைந்து முடித்து, ஒல்லியாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் நடுவில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்பே செய்துவைத்த பம்பர்களையும் வெட்டி நடுவில் துண்டு ஒட்டினார்கள். இதைச் சொன்னால் போதும், மளிகைக் கடைக்காரர் முதல் எம்.எல்.ஏ. வரை பானெட்டின் நடுவில் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி இறங்கிவிட்டால் கண்காட்சியில் உதவிக்கு நாலு பேர் ஓடி வருவார்கள். என் காரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கிறது. அது தெரியாமல் ஒரு தம்பி ஒயரை மாற்றிக் கொடுத்துப் புகை வந்தது. உங்களுடையது எப்படி என்று பார்த்து, பேட்டரி மேலேயே சுண்ணாம்பால் எழுதிவிடுங்கள். இன்னொன்று: ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவில் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது, அவ்வளவுதான். நீங்கள் வண்டியில் வங்கிக்குப் போகிறவர் என்றால் அவசரப்பட வேண்டாம்.

மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும்.

குடமுருட்டி:

போய் வந்துவிட்டேன். ஓட்டிக்கொண்டுதான்.

ட்ரனியனைக் கழற்றியபோது இடது பக்கத்தில் காய்ந்த கிரீஸ் சந்தனக்கட்டை மாதிரி வந்தது. தண்டின் மரையில் இரண்டு இடத்தில் குழி. ஐயாவின் ‘உறுப்பு தானம்’ ஹெரால்டிலிருந்து ஒரு தண்டு வாங்கிக்கொண்டேன். பணம் வாங்க மறுத்துவிட்டு, அரை நாள் உட்கார வைத்துத் திட்டிக்கொண்டே மாட்டச் சொல்லிக் கொடுத்தார். நீடாமங்கலம் கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். சூடு காட்டும் முள் அசையவில்லை. எனக்குத்தான் கொதித்தது.

போகும்போது சேத்தியாத்தோப்பு தாண்டியதும் நின்றுவிட்டது. பம்ப்தான். துணிக்கு என்ன செய்வது என்று தேடினால், மனைவி (ஆமாம், லாரி என்றவளேதான், கடைசி நிமிடத்தில் ஏறிக்கொண்டாள்) தன் தோளில் இருந்த துண்டை நனைத்துக் கொடுத்தாள். டீ முடிவதற்குள் சரியாகவில்லை, இரண்டாவது டீ வேண்டியிருந்தது. சென்னை போய்ச் சேர, வீட்டை விட்டதிலிருந்து ஒன்பதரை மணி நேரம்.

கண்காட்சியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கறுப்புக் கார், மகாராஜா ஒருவருடையதாம். மக்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வந்து பேசினார்கள். பத்தில் எட்டுப் பேர் கேட்டது, ‘மைலேஜ் எவ்வளவு சார்?’. வயதான அம்மாள் ஒருவர், முன்சீட்டை மடக்கிவிட்டுப் பின்சீட்டுக்கு எப்படி ஏறுவது என்று புடவையைக் கொசுவிப் பிடித்து ஏறியே காட்டினார். இறங்கத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் நான்கு கதவு ஹெரால்டு ஏன் செய்தார்கள் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

பரிசு கிடையாது. ரேடியேட்டர் குழாயைப் பார்த்து ‘இது ஒரிஜினல் இல்லையே’ என்று எழுதிக்கொண்டார்கள். நாச்சியார்கோயில் என்று சொன்னேன். ஒருவர் பேனாவை நிறுத்திக் குனிந்து மறுபடி பார்த்தார், ஆனால் மார்க்கை மாற்றவில்லை. போக வர ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டியிலிருந்து பின்பக்கம் வலது சக்கரத்தில் ஒரு சத்தம், நெல் புடைக்கிற மாதிரி. கை வைத்துப் பார்த்தேன், அந்தச் சக்கரம் மட்டும் சூடு. ஐயா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா?

வெண்ணாற்றங்கரை:

வீல் பேரிங். பத்து மணிக்கு வாருங்கள், கேட் மூடியிருந்தால் பதினொன்று. ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ஓடம்போக்கி சாரிடம் லாரி கேளுங்கள்.