எண்ணெய் பூசிய ஓக் தரையில் நீர்க்கறை: வார்னிஷ் அடிப்பது தீர்வாகுமா?

ஒஸ்லோவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒஸ்லோவில் நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் கூடத்திலும் சமையலறையிலும் எண்ணெய் மட்டும் பூசிய ஓக் பலகைத் தரை இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் மூன்று இடங்கள் கெட்டுவிட்டன. சன்னலோரம் இரும்புத் தாங்கியின் மேல் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்த இடத்தில், மை கொட்டியதுபோல் கறுத்த வளையம் விழுந்துள்ளது. சிங்கின் முன்னால் பலகை நரைத்து, தடவிப் பார்த்தால் சொரசொரக்கிறது. வாசலில் பனிச் சப்பாத்துகளைக் கழற்றும் இடத்தில் வெண்படலம் தெரிகிறது. வாரம் ஒருமுறை வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடைக்கிறோம். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் கவலை இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

தச்சுக்கை

வணக்கம். இப்போதுள்ள நிலையில் வார்னிஷ் அடிக்க வேண்டாம். எண்ணெய் ஊறிய மரத்தில் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. முழுத் தரையையும் எண்ணெய் ஊறாத வெறும் மரம் தெரியும்வரை இழைத்த பிறகே அதை அடிக்க முடியும்.

ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்தின் துளைகளுக்குள்ளேயே இறுகுபவை. அவை நீரைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றாக மறிக்காது. ஆகவே சிந்திய நீரைச் சில நிமிடங்களில் துடைத்துவிட்டால் தரைக்கு ஒன்றும் நேராது; தொட்டியின் அடியில் நாட்கணக்கில் தங்கும் ஈரத்தை எந்த எண்ணெயும் தாங்காது.

நீங்கள் மை என்று எழுதியது உண்மையில் மையேதான். ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி; ஈரத்தின் வழியே இரும்பு அதனைச் சேரும்போது கருநீல நிறம் பிறக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட எழுத்து மையும் மாசிக்காய் எனப்படும் ஓக் மரத்துக் காய்ப்புகளோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் செய்யப்பட்டது. எனவே இந்தக் கறை சோப்புக்கு அசையாது. அந்தப் பலகையிலுள்ள எண்ணெயை 120 இலக்க அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஆக்ஸாலிக் அமிலத்தை நைலான் தூரிகையால் தடவுங்கள். கறை வெளுத்ததும் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். அமிலம் நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. சில நாட்கள் நன்றாகக் காய்ந்த பின்னரே எண்ணெய் பூசலாம். கறை உள்ள வட்டத்தை மட்டும் தேய்த்தால் அந்த வட்டமே புதிய கறையாகத் தெரியும் என்பதால், பலகையின் ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டுவரை முழுமையாகச் செய்யுங்கள். இரும்புக் கம்பளியைத் தொடவே வேண்டாம். அதன் துகள் ஒவ்வொன்றும் பிறகு ஒரு கரும்புள்ளியாகும்.

சிங்கின் முன்னால் நேர்ந்திருப்பது வேறு. அங்கே எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, உடனே ஊறி மரம் கறுத்தால் பூச வேண்டிய வேளை வந்துவிட்டது. மெல்லத் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பூசி, உறிஞ்சப்படாமல் மேலே நிற்கும் எண்ணெயைச் சுமார் கால் மணி நேரத்துக்குள் துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுக்காகவே இருந்து அழுக்கை இழுக்கும்.

வடக்குவாசல்

வாசல் வெண்மையைப் பற்றி நான் சொல்கிறேன். அது பெரும்பாலும் தெருவில் தூவும் உப்பும், மேற்பூச்சில் சிக்கிய ஈரமும்தான். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறகு பராமரிப்பு எண்ணெயைச் சில துளிகள் விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். விளிம்பு உயர்ந்த தட்டில் சப்பாத்துகளை வையுங்கள். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்புகள் ஈரத்தைப் பூட்டி வைப்பதோடு தரையின் நிறத்தையும் மாற்றக்கூடும்.

பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டது; அது உங்கள் தரையின் எண்ணெயையும் அகற்றும் என்பதில் வியப்பில்லை. மரத்தரைக்கான சோப்பைக் கரைத்து, துணியைச் சொட்டாமல் பிழிந்து துடையுங்கள். ஊரில் சிமெந்துத் தரையில் வாளி நீரை ஊற்றிக் கழுவிப் பழகிய நமக்கு இது மனநிறைவு தராதுதான். நீராவி மாப்பை விற்பவர்கள் என்ன சொன்னாலும், இத்தரைக்கு அது ஆகாது.

குளிர்காலத்தில் வீட்டுக்காற்று உலர்வதால் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். சிந்திய நீர் அதன் வழியே கீழே இறங்கும். ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.

ஒஸ்லோவாசி

மிக்க நன்றி. இன்னொன்றையும் கவனித்தேன். டிஷ்வாஷர் அருகே சில பலகைகளின் ஓரங்கள் மேலெழுந்து, நடு குழிந்திருக்கிறது. அதையும் இழைத்துச் சமப்படுத்திவிடலாமா?

தச்சுக்கை

இப்போது இழைக்காதீர்கள். ஓரம் எழுவது, பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட நனைந்திருப்பதன் அடையாளம். முதலில் டிஷ்வாஷரின் நீர்க்குழாயை மூடி, கசிவைக் கண்டுபிடியுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குப் படத்துடன் உடனே தெரிவித்துவிடுங்கள். ஈரமாக இருக்கையில் ஓரங்களை இழைத்தால், காய்ந்து படிந்த பின் நடுப்பகுதி புடைத்து நிற்கும். அடித்தளம் முழுவதும் உலர வாரங்கள் ஆகலாம். ஈரமானியில் அளந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். பலகைகள் தாமாகவே பெருமளவு படிந்துவிடுவதும் உண்டு.

எழுத விட்டுப்போன ஒன்று: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவிடும் வெப்பத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நன்றாக நனைத்து, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இட்டு வெளியே வையுங்கள்.