செருகுகணப்பு: விறகுக்கும் எரிவாயுவுக்கும் பொதுவான சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

குளிர்காயத் தீ மூட்டுவதற்காகச் செங்கல்லால் கட்டிய பழைய கணப்பிடத்துக்குள் பொருத்தும், கண்ணாடிக் கதவுடைய இரும்புப் பெட்டியை ஆங்கிலத்தில் 'fireplace insert' என்பர். அதற்குத் தமிழில் 'உள்ளடுப்பு', 'கணப்புச் செருகி' என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அடுப்பு என்றதும் சமையலே நினைவுக்கு வரும். 'செருகி' என்பதோ மின்னிணைப்புக்கும் கணினி நிரலுக்கும் ஏற்கெனவே வழங்கிவருகிறது. ஆகவே 'செருகுகணப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். இது வினைத்தொகை, எனவே இடையில் ஒற்று மிகாது.

செருகுதல் என்ற பொருளை விட்டுவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். திறந்த கணப்பில் பெரும்பகுதி வெப்பம் புகைபோக்கி வழியே வெளியேறுவதோடு, அறையின் சூடான காற்றையும் உடன் இழுத்துச் சென்றுவிடுகிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே, உட்புகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடிய பெட்டி அதே இடத்தில் செருகப்படுகிறது. தரையில் தனித்து நிற்கும் கணப்படுப்பு வேறு கருவி.

விறகு, எரிவாயு ஆகிய இரண்டு எரிபொருளுக்கும் ஒரே பெயர் பொருந்துமா என்று கேட்கப்பட்டது. பொருந்தும்; வேறுபாட்டை 'விறகுச் செருகுகணப்பு', 'எரிவாயுச் செருகுகணப்பு' என முன்னொட்டே காட்டிவிடும். வாங்குபவர் எடைபோட வேண்டியதும் அந்த வேறுபாட்டைத்தான். விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகை எரித்தால் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், குளிர்ந்த புகையும் குழாய்ச் சுவரில் கறுத்த பிசினாகப் படியும். அப்படிவு தீப்பற்றக்கூடியது என்பதால் ஆண்டுதோறும் புகைவழியைச் சோதித்துத் துப்புரவு செய்தாக வேண்டும். எரிவாயு வகையில் சாம்பலும் இல்லை, விறகு அடுக்க இடமும் வேண்டாம். ஆனால் எரிவாயு இணைப்பு வேண்டும், கார்பன் மோனாக்சைடு கசியாதபடி ஆண்டுச் சோதனையும் வேண்டும். உலர்ந்த விறகு எளிதில் கிடைத்து, அதைப் பேணும் பொறுமையும் உள்ளவருக்கே விறகு வகை ஏற்றது. மற்றவர்களுக்கு எரிவாயுவையே நான் பரிந்துரைப்பேன். மின்சாரம் நின்றால், சூடான காற்றை அறைக்குள் தள்ளும் காற்றாடி ஓடாது என்பது இரண்டுக்கும் பொது.

மேற்சொன்ன கறுத்த படிவை அதன் ஆங்கிலப் பெயராலேயே 'கிரியோசோட்டு' (creosote) என்று எழுதலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. மரத்தை உளுக்காமல் காக்கப் பூசும் நிலக்கரித்தார் எண்ணெய்க்கும் அதுவே பெயர். 'புகைப்பிசின்' என்றால் அது எதிலிருந்து வந்தது, எப்படி ஒட்டுகிறது என்ற இரண்டும் விளங்கும்.

புகைபோக்கிக்குள் இறக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு 'உள்ளுறை'யைவிட 'உட்குழாய்' தெளிவானது. விறகு வகைக்கு அது ஒன்று போதும். முழுதும் மூடிய எரிவாயு வகைக்கோ வெளிக்காற்றைக் கொணர ஒன்றும் எரிந்த வளிமத்தை வெளியேற்ற ஒன்றுமாக இரண்டு வேண்டும். அவற்றைக் 'காற்றுக்குழாய்', 'கழிவளிக்குழாய்' எனப் பிரித்து வழங்கலாமா என்பது குறித்து உங்கள் கருத்தை எதிர்நோக்குகிறேன்.