ஹைபாக்சீமியா, ஹைபாக்சியா: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கான இரத்தசோகைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹைபாக்சீமியா, ஹைபாக்சியா இரண்டையும் 'ஆக்சிஜன் குறைபாடு' என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. முன்னது இரத்தத்தைப் பற்றியது; பின்னது ஆக்சிஜன் செல்களுக்குப் போதாமல் போவது. ஹீமோகுளோபின் 7 கிராம் உள்ள கர்ப்பிணியின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 காட்டும். "ஆக்சிஜன் நல்லா இருக்கும்மா" என்று செவிலியர் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அந்தப் பக்கத்துக்காகத்தான் கேட்கிறேன்.

குருதி உயிர்வளிக்குறை, திசு உயிர்வளிக்குறை. சரிவருமா?

அன்புடன், ம.

-----

அன்புள்ள ம.,

குருதி என்று எழுதியதற்கு நன்றி. 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பது தொல்காப்பிய உரியியல். குரு என்றால் நிறம். குருதி அதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. உங்கள் ஆக்சிமீட்டரும் நிறத்தைத்தானே பார்க்கிறது? ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாக விழுங்கும், ஏறாதது கூடுதலாக விழுங்கும்.

உயிர்வளியையும் விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை. பிழையான கருத்தில் பிறந்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'வளித்தலைஇய தீ' என்கிறது புறநானூற்றின் இரண்டாம் பாட்டு. வளியில்லாமல் தீ இல்லை. உடலுக்குள் எரியும் தீக்கும் அதுவே.

செ.

-----

செ. ஐயாவுக்கு வணக்கம்.

வளியில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறள் சொல்லும் வளி, வாதம். சித்த மருத்துவத்தில் இன்றும் வளி, அழல், ஐயம் என்றுதான் எழுதுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்கள் பிரிவுக்குப் பக்கத்து அறையில் 'வளிக்குறை' என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? உயிர் என்ற முன்னொட்டைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள்.

அப்புறம் தொகை இலக்கணம். 'குருதி உயிர்வளிக்குறை' என்பதை ஏழாம் வேற்றுமைத்தொகையாகத்தான் (குருதியில் உயிர்வளிக்குறை) படிக்க வேண்டும் என்று யார் சொன்னது? உம்மைத்தொகையாகப் படித்தால் குருதியும் குறைவு, உயிர்வளியும் குறைவு.

இரா.

-----

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடநூல்களில் ஒட்சிசன், கலம், இழையம், ஈமோகுளோபின் என்றுதான் இருக்கின்றது. அதைப் படித்துத்தான் இங்கு வைத்தியர்கள் ஆனார்கள். 'ஈமோ' என்றால் ஈமச்சடங்கு நினைவுக்கு வருகிறது என்று சென்ற மாதம் இதே குழுவில் ஒருவர் எழுதினார். எங்கள் பிள்ளைகள் எவருக்கும் அப்படித் தோன்றியதில்லை. சொல் பழகிவிட்டால் பயம் போய்விடும். அடிக்குறிப்பிலாவது எங்கள் வழக்கையும் சேர்த்துவிடுங்கள்.

த.

-----

எல்லோருக்கும் வணக்கம். நான் மயக்கவியல் மருத்துவர். சொல்லுக்கு முன்னால் பொருளைச் சரிபார்த்துவிடலாம்.

செல்லுக்கு ஆக்சிஜன் எதற்கு? உணவிலிருந்து எடுத்த எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவில் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லையென்றால் வரிசை முழுக்க நின்றுவிடும். ஒரு குளுக்கோஸில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு சுமார் 30 கிடைத்த இடத்தில் 2 தான் கிடைக்கும். மூளை இதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

100 மில்லி இரத்தத்தில் கரைந்த நிலையில் இருப்பது 0.3 மில்லி ஆக்சிஜன்தான். மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது, கிராமுக்கு சுமார் 1.34 மில்லி. 14 கிராம் இருப்பவருக்கு 18 மில்லிக்கு மேல். 7 கிராம் உள்ள அந்தக் கர்ப்பிணிக்கு 9 சொச்சம். ஆக்சிமீட்டர் இருவருக்கும் 98 காட்டும். கிடங்கிலிருந்து கிளம்பிய லாரிகள் எல்லாமே நிறைந்திருக்கின்றன என்றுதான் அது சொல்கிறது. லாரிகள் பாதிதான் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது.

இப்போது பாருங்கள்:

> முன்னது இரத்தத்தைப் பற்றியது

ஹைபாக்சீமியா என்று நாங்கள் சொல்வது தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதை. சோகையில் அழுத்தம் குறைவதில்லை, மொத்த அளவுதான் குறைகிறது. 'குருதி உயிர்வளிக்குறை' என்று எழுதினால் செவிலியர் சோகையைத்தான் நினைப்பார், நியாயமாகவே. உடலியங்கியலாளர் ஜோசப் பார்க்ராஃப்ட் 1920லேயே மூன்றாகப் பிரித்தார்: நுரையீரலில் ஏற்றுவது குறைவது, சுமக்க ஹீமோகுளோபின் குறைவது, இரத்த ஓட்டம் குறைவது. அந்த வழியில் ஹைபாக்சீமியாவுக்கு 'ஏற்றக்குறை', ஹைபாக்சியாவுக்கு 'சேர்ப்புக்குறை' என்று வைக்கலாமே? வளியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம்.

சு.

-----

டாக்டரம்மா, ஏற்றக்குறை அழகான சொல். ஆனால் ஏற்றம் என்றால் கிணற்று ஏற்றம். எதை ஏற்றுவது என்பதும் சொல்லில் இல்லை. 'வளியேற்றக்குறை' என்றால் ஒப்புக்கொள்வேன்.

செ.

-----

மறுபடியும் வளியா ஐயா? சயனைடு நஞ்சில் ஆக்சிஜன் செல்லுக்குள்ளேயே வந்து நிற்கும், செல்லால் அதைப் பயன்படுத்தத்தான் முடியாது. டாக்டரம்மாவின் 'சேர்ப்புக்குறை'யும் அங்கே உதவாது.

இரா.

-----

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ஆக்சிஜன் என்ற சொல்லையே கேட்கிறார்கள். 2021இல் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த ஊர்களில் அதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே 'இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு', 'திசுக்களில் ஆக்சிஜன் தட்டுப்பாடு'. ஒட்சிசன், இழையம் அடிக்குறிப்பில் உண்டு. ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

ம.

-----

கட்டம் கட்டுவது நல்லது. ஆனால் முதல் சொல்லை நான் ஏற்கவில்லை. சோகையிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவுதான், அதைத்தான் முழு மடலில் சொன்னேன். 'ஆக்சிஜன் ஏற்றக்குறை' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.

சு.