விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்களைப் பற்றி மாணவர்களிடம் என்ன பேசலாம்?

கேள்வி: ஆசிரியை, அரக்கோணம்

ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து எழும்பும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்கிற எங்கள் பள்ளிப் பிள்ளைகள், விமானியாக வேண்டும் என்கிறார்களே தவிர, அந்த விமானத்தைப் பறக்கத் தகுதியாக்கித் தருபவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் நாளான மே 24 கோடை விடுமுறையில் வருவதால், பள்ளி திறந்ததும் காலைக் கூட்டத்தில் அவர்களைப் பாராட்டிப் பேச எண்ணியுள்ளேன். வெறும் புகழுரையாகப் போய்விடாமல் எதைச் சொல்லலாம்?

பதில் 1: ராணிப்பேட்டை வாசகர்

அது சார்லஸ் டெய்லர் பிறந்த நாள் (1868). ரைட் சகோதரர்கள் கேட்ட எடையிலும் திறனிலும் எஞ்சின் செய்து தர எந்த நிறுவனமும் முன்வராதபோது, அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த டெய்லர்தான் லேத்தும் டிரில்லிங் மெஷினும் கொண்டு ஆறே வாரங்களில் அதைச் செய்து முடித்தார். 1903இல் பறந்த விமானத்தில் இருந்தது அந்த எஞ்சின்தான். எங்கள் சிப்காட் பட்டறைகளில் லேத் ஓட்டுபவர்களின் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர், காட்பாடி

அம்மா, எங்கள் வேலையின் அருமை சின்னச் சின்னக் காரியங்களில்தான் இருக்கிறது. கடலுக்கு மேல் தாழப் பறந்து திரும்பும் விமானத்தில் படிந்த உப்பை நன்னீரால் கழுவாமல் விட்டால் அரிப்பு தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் நகராது. போல்ட்டுகளுக்கு லாக் வயர் (அவை தளராமல் பிடித்துவைக்கும் கம்பி) கட்டும்போது, போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்கும்படி முறுக்க வேண்டும்; திசை மாறினால் கட்டியும் பயனில்லை.

1990இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்றில், நடுவானில் விமானியறைக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. நல்லவேளையாக அனைவரும் உயிர் தப்பினர். சுமார் 27 மணி நேரத்துக்கு முன் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. கழற்றிய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார்கள். கையேட்டைப் பார்த்து அளவைச் சரிபார்ப்பவரை மெதுவாக வேலை செய்பவர் என்று குறை சொல்வதுண்டு. நாம் பாராட்ட வேண்டியது அவரைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3: பராமரிப்புப் பொறியாளர், குடியாத்தம்

ஐயா சொன்னதோடு ஒன்று. பயணிகள் விமானத்தில் பழுது நீக்கியபின், விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் உரிமம் பெற்றவர் சான்றளித்துக் கையெழுத்திட்டால்தான் அது புறப்படலாம். பயணிகள் எவ்வளவு கோபப்பட்டாலும், சரியில்லை என்று தெரிந்தால் கையெழுத்திட மறுக்கும் துணிவையும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. காட்பாடி ஐயா ஒரு நாள் பள்ளிக்கு வந்து, லாக் வயர் கட்டும் முறையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இயலுமா? கம்பியும் போல்ட்டுகளும் நாங்களே வாங்கி வைத்துவிடுகிறோம்.